ஒருவருக்கு மெனிஞ்சோகாக்கல் நோய் வந்தால்: இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்புக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன?

வீட்டில் ஒருவரை மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்துக்குள், மற்றவர்களின் கைபேசிக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வரலாம். எண்ணே தெரியாமல் மறைந்தும் வரலாம். ஏதோ விளம்பரம் என்று துண்டித்துவிடாதீர்கள். பேசுபவர் யு.கே.எச்.எஸ்.ஏ. எனப்படும் பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் வட்டாரக் குழுவைச் சேர்ந்த செவிலியராகவோ மருத்துவராகவோ இருப்பார். நோயாளியைக் குணப்படுத்துவது மருத்துவமனையின் வேலை. அந்த நோய் அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பது இந்தக் குழுவின் வேலை. இங்கே நாம் மதிப்பிடுவது இந்த இரண்டாவது வேலையை மட்டும். இது இங்கிலாந்துக்குரிய ஏற்பாடு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் தனித்தனி அமைப்புகள் ஏறக்குறைய இதே நெறிமுறையில் இயங்குகின்றன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயாளியோடு பழகியவர்களுக்கு நோய் வராமல் தடுக்கத் தரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்ற கோட்டை இவர்கள் உறுதியாகப் போடுகிறார்கள். பயத்துக்கும் கெஞ்சலுக்கும் அந்தக் கோடு நகர்வதில்லை. சேவையின் பெரிய பலம் அது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கிடைப்பது தகவல் மட்டுமே. அந்தத் தகவல் நம்மவர்களிடம் முழுதாக வந்து சேர்வதில்தான் ஓட்டை இருக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. மெனிஞ்சோகாக்கல் நோயைத் தரும் நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ் என்ற பாக்டீரியா மனிதரின் மூக்கு, தொண்டைப் பின்புறத்தில் மட்டுமே குடியிருப்பது. பத்தில் ஒருவர் இதைத் தொண்டையில் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் நடமாடுகிறார். கல்லூரி வயதினரிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். மிகச் சிலருக்கு மட்டும் இது ரத்தத்துக்குள் நுழைந்து மூளையுறையை வீங்கவைக்கிறது, அல்லது ரத்தத்திலேயே பெருகி உடலையே முடக்குகிறது, அல்லது இரண்டையும் செய்கிறது. சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேளாமை, விரல் அல்லது கை கால் இழப்பு, மூளைப் பாதிப்பு எஞ்சுகிறது. ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற ஆறு வகைகள்தான் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் காரணம். எந்த வகை என்பது பின்னால் தடுப்பூசி முடிவில் முக்கியமாகும்.

சேவை தொடங்குவது மருத்துவரின் தொலைபேசி அழைப்பிலிருந்து. 2010ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மூளையுறை அழற்சியும் (பேச்சு வழக்கில் மூளைக்காய்ச்சல்) மெனிஞ்சோகாக்கல் ரத்த நச்சும் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய நோய்கள். சந்தேகம் வந்தவுடனே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், வாய்மொழியாக 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நள்ளிரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் கேட்க ஆள் உண்டு. இந்த முதல் கண்ணி அறுந்தால் மற்றதெல்லாம் தாமதமாகும். அவசரப் பிரிவு மருத்துவர் ‘வார்டு சொல்லிக்கொள்ளும்’ என்று நினைப்பது, வார்டு ‘ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்’ என்று நினைப்பது: பணி மாறும் நேரத்தில் வழக்கமாக நடக்கக்கூடிய பிழை இதுதான். எனவே உறவினர்கள் வார்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: சுகாதாரப் பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டதா?

அடுத்து குழு செய்வது தரம் பிரித்தல். பலருக்குக் கோபம் வருவதும் இங்கேதான். ரத்தம், தண்டுவட நீர் போன்ற கிருமியில்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பாக்டீரியாவோ அதன் மரபணுவோ கிடைத்தால் அது ‘உறுதியானது’. ஆய்வகச் சான்று இல்லை, ஆனால் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும் குழு மருத்துவரும் பேசி, இதுவாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்று கருதினால் ‘பெரும்பாலும் இதுவே’ என்ற தரம். வேறு நோயாக இருக்கவும் அதே அளவோ கூடவோ வாய்ப்பு இருந்தால் ‘இருக்கலாம்’ என்ற தரம். முதல் இரண்டுக்கும் நெருங்கியவர்களுக்கு உடனே மருந்து உண்டு. மூன்றாவதற்கு இல்லை, சான்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘மூளைக்காய்ச்சல் என்று மருத்துவரே சொன்னார், எங்களுக்கு ஏன் மாத்திரை தரவில்லை?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. மூளையுறை அழற்சியில் வைரஸால் வருவதும் நிறைய. அதற்குக் குடும்பத்தாருக்கு மாத்திரை எதுவும் தேவையில்லை. நியூமோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவால் வந்தாலும் ஒரே ஒரு நோயாளி என்றால் அப்படித்தான். தரம் மாறினால் குழு மறுபடியும் அழைக்கும். எனவே மாத்திரை இல்லை என்று முதல் நாள் சொன்னது கடைசிச் சொல் அல்ல.

தரம் சரியாகப் பிரிய வேண்டுமானால் மாதிரிகள் சரியாக எடுக்கப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுப்பதுதான், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குப் போவது. ஆன்டிபயாட்டிக் ஏற்றிய பிறகு ரத்தத்தில் கிருமியை வளர்த்துக் காண முடியாமல் போகலாம், ஆனால் அதன் மரபணு சில நாள் தங்கியிருக்கும். அதனால் இந்தக் குழாயை மறந்துவிட்டால் இழப்பு பெரிது. தொண்டை மாதிரியும் எடுக்கச் சொல்கிறார்கள். நோயாளிகளில் பாதிப் பேர் வரை தொண்டையில் கிருமி கிடைக்கிறது. இவையெல்லாம் போய்ச்சேரும் இடம் மான்செஸ்டரில் உள்ள மெனிஞ்சோகாக்கல் மைய ஆய்வகம். நாடு முழுவதற்கும் ஒரே ஆய்வகம் வகை பிரிப்பதால், எங்கே எந்த வகை தலைதூக்குகிறது என்பது சீக்கிரம் தெரிகிறது. டபிள்யூ வகை பெருகுவதைக் கண்டு 2015இல் பதின்பருவத்தினருக்கு (ஏ, சி, டபிள்யூ, ஒய்) நால்வகைத் தடுப்பூசியைக் கொண்டுவர முடிந்ததும் இந்தக் கண்காணிப்பால்தான். சேவையில் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் மிக நல்ல பகுதி இது.

இப்போது தொடர்பாளர் பட்டியல். தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான். நோயாளிக்கு முதல் அறிகுறி தொடங்கியதற்கு முந்தைய 7 நாளில், ஒரே வீட்டில் வாழ்வது போன்ற நீண்ட, நெருங்கிய தொடர்பு யாருக்கு இருந்தது? கணக்கு அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது, மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து அல்ல. செவ்வாய் இரவு சேர்த்திருந்தாலும் காய்ச்சல் திங்கள் காலை தொடங்கியிருந்தால், முந்தைய திங்களிலிருந்து எண்ண வேண்டும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் அந்தத் திங்களன்று வந்து தங்கிப் போன மாமா விட்டுப்போவார்.

பட்டியலில் வருபவர்கள்: ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், உறங்கியவர்கள், காதலர், துணை, விடுதியில் ஒரே அறைக்கூடத்தில் படுப்பவர்கள், பல்கலைக்கழக விடுதியில் ஒரே சமையலறையைப் பகிரும் மாணவர்கள். கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒரு சமையலறை, அதைச் சுற்றி ஆறேழு அறை என்று இருக்கும் அமைப்பில், அந்த ஆறேழு பேரும் ஒரு குடும்பமாகவே கணக்கிடப்படுகிறார்கள்.

இனி, பட்டியலில் வராதவர்கள். ஒரே வகுப்பில் படிப்பவர்கள். ஒரே மழலையர் பள்ளிக் குழந்தைகளும் ஆயாக்களும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர். ஒரே கல்யாணத்தில், ஒரே கோயில் திருவிழாவில் இருந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர், ஒரே குவளையில் குடித்தவர். கன்னத்தில் முத்தமிட்ட பாட்டி, வந்து தங்காதவராக இருந்தால். பேருந்திலோ விமானத்திலோ அருகில் அமர்ந்தவர். இதைப் படிக்கும்போதே மனம் ஒப்பாது. குறிப்பாக எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வளர்ந்த நமக்குத் தட்டும் குவளையும் கணக்கில் இல்லை என்பதை ஏற்கக் கடினமாக இருக்கும். ஆனால் இந்தக் கிருமி பரவுவது மூக்கு, தொண்டைச் சுரப்பின் வழியாக, நாள்கணக்கில் நெருங்கி வாழும்போது; உமிழ்நீரில் அது அவ்வளவாக இருப்பதில்லை.

எண்களைப் பார்த்தால் கோடு ஏன் அங்கே போடப்பட்டது என்பது விளங்கும். மருந்து தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்தில் அதே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 300இல் ஒன்று. மழலையர் பள்ளியில் அது 1,500இல் ஒன்று, தொடக்கப் பள்ளியில் 18,000இல் ஒன்று, உயர்நிலைப் பள்ளியில் 33,000இல் ஒன்று. வீட்டில்கூட, சுமார் 200 பேருக்கு மாத்திரை கொடுத்தால் ஒரு நோய் தவிர்க்கப்படுகிறது என்பது வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு. உயர்நிலைப் பள்ளி முழுவதற்கும் கொடுத்தால் எத்தனை ஆயிரம் பேர் விழுங்கி ஒருவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேவையில்லாமல் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கும் தெளிவான விடை உண்டு. தொண்டையில் குடியிருக்கும் நைசீரியாக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. லாக்டாமிகா என்ற இனம் குழந்தைகளின் தொண்டையில் சாதாரணமாக இருப்பது. அவைதான் நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன. ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். மருந்துக்கு ஒவ்வாமை வந்து உயிராபத்து வரை போனவர்கள் உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமி வளர்வதற்கும் இது வழி. எனவே பள்ளித் தலைமையாசிரியரும் பெற்றோரும் வற்புறுத்தும்போது குழு மறுப்பது அலட்சியத்தால் அல்ல. இந்த உறுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இதே கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. அங்கே குழந்தைகள் காப்பகத்தில் உடனிருந்தவர்களும், 8 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட விமானப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் மாத்திரைக்கு உரியவர்கள். ஒரு குடும்பத்தில் லண்டனில் ஒரு விதமும் நியூ ஜெர்சியில் இன்னொரு விதமும் சொல்லப்பட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம். மழலையர் பள்ளி விஷயத்தில், 1,500இல் ஒன்று என்ற எண்ணைப் பார்க்கும்போது, அமெரிக்க முடிவையும் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவமனை ஊழியர்களுக்கும் கோடு உண்டு. நோயாளியைத் தூக்கியவர், ஊசி போட்டவர், படுக்கை மாற்றியவர் யாரும் பட்டியலில் இல்லை. மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போது, சளி உறிஞ்சும்போது முகக்கவசம் இல்லாமல் நோயாளியின் தொண்டைச் சுரப்பு நேரடியாகத் தன் வாயிலோ மூக்கிலோ தெறித்தவருக்கு மட்டும் மாத்திரை. நோயாளிக்குச் சரியான ஆன்டிபயாட்டிக் தொடங்கி 24 மணி நேரம் ஆனபின் அந்த ஆபத்தும் இல்லை.

பட்டியல் சரியாக அமைவது பதில் சொல்பவரைப் பொறுத்தது. நம் வீடுகளில் இங்கே சில சிக்கல்கள் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் பெயரில்லாத அறைவாசி, ஊரிலிருந்து விருந்தாளி விசாவில் வந்த பெற்றோர், இரவுப் பணி முடிந்து பகலில் அதே படுக்கையில் உறங்கும் நண்பர் ஆகியோரைச் சொல்லத் தயங்குவார்கள். சொல்லாமல் விடப்படுபவர்தான் அடுத்த நோயாளி ஆகக்கூடியவர். குழு கேட்பது மருந்து கொடுப்பதற்காக. வீட்டுக்காரருக்குச் சொல்ல அல்ல. ஆங்கிலத்தில் பேசத் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், தொலைபேசியிலேயே இணைப்பார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பது இந்தச் சேவையின் குறை. பதற்றத்தில் இருப்பவர் கேட்கத் தோன்றாமல், பள்ளி செல்லும் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்துவிடுவார். யார் எந்த இரவு எங்கே உறங்கினார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சரியாகச் சொல்லாது.

மருந்துக்கு வருவோம். இங்கிலாந்தில் முதல் தேர்வு சிப்ரோஃபிளாக்சசின், ஒரே ஒரு வேளை. 12 வயதும் அதற்கு மேலும் 500 மில்லிகிராம். 5 முதல் 11 வயது வரை 250 மில்லிகிராம். 1 முதல் 4 வயது வரை 125 மில்லிகிராம். ஒரு வயதுக்குள் என்றால் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், எப்படியும் 125ஐத் தாண்டாமல். ஒரே வேளையில் முடிவதுதான் இதன் பெரிய வசதி. முன்பு முதலிடத்தில் இருந்த ரிஃபாம்பிசினை நாளுக்கு இரு வேளை இரண்டு நாள் விழுங்க வேண்டும். நாலாவது வேளையை மறப்பவர்கள் நிறைய. அதோடு சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், மென்மையான கண்வில்லைகள் கறைபடும், கருத்தடை மாத்திரையும் வார்ஃபரினும் வலுவிழக்கும். சிப்ரோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்றும் அது பயன்படுகிறது. பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம், 1 முதல் 11 வயது வரை கிலோவுக்கு 10, ஒரு வயதுக்குள் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில். கர்ப்பிணிகளுக்கு ஒற்றை வேளை சிப்ரோ, செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அசித்ரோமைசின் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

சிப்ரோ விழுங்கும்போது நடக்கும் சிறு தவறு பலனைக் குறைத்துவிடும். பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து இவற்றோடு சேர்த்தால் மருந்து குடலில் உறிஞ்சப்படாமல் போகும். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த மாத்திரையையும் ஒரு தம்ளர் பாலோடு விழுங்குவார்கள், குழந்தைக்குத் தயிர்ச் சாதத்தில் நசுக்கிக் கொடுப்பார்கள். இந்த மாத்திரைக்கு அது கூடாது. தண்ணீர் மட்டும். இரும்பு, கால்சியம் போன்றவை நான்கு மணி நேரம் தள்ளிப் போகட்டும். தசை இறுக்கத்துக்கு டிசானிடின் எடுப்பவர்கள் சிப்ரோ எடுக்கவே கூடாது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், வலிப்புக்கு மருந்து, வார்ஃபரின் எடுப்பவர்களும், ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களும், முன்பு இவ்வகை மருந்தால் தசைநாண் வலி வந்தவர்களும் கேட்காவிட்டாலும் தாமாகச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் பிரிட்டன் மருந்து ஒழுங்கு அமைப்பு இந்த வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கைத் தாளைப் பார்த்துவிட்டு மாத்திரையை மேசையில் வைத்துவிடுபவர்கள் உண்டு. மெனிஞ்சோகாக்கல் தொடர்பாளருக்கான ஒற்றை வேளை இன்னும் முதல் தேர்வாகத்தான் தொடர்கிறது.

சிறு குழந்தைக்கான திரவ மருந்து எல்லா மருந்துக் கடையிலும் கையிருப்பில் இருக்காது. வெள்ளி இரவு மருந்துச் சீட்டோடு நான்கு கடை ஏறி இறங்குவதற்குப் பதில், எங்கே இருக்கிறது என்பதைக் குழுவிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு கிளம்புவது நல்லது. நோயாளி சேர்ந்திருக்கும் மருத்துவமனையின் மருந்தகமே பல நேரங்களில் எளிய வழி. மாத்திரை கொடுக்கும் இலக்கு, நோய் கண்டறிந்த 24 மணி நேரத்துக்குள். முதல் ஏழு நாளில் ஆபத்து உச்சத்தில் இருந்து, பிறகு வேகமாகக் குறைகிறது. தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் நான்கு வாரம் வரை கொடுக்கலாம்.

வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். ஒருவர் இன்று, இன்னொருவர் மூன்று நாள் கழித்து என்று எடுத்தால், கிருமி ஒரு தொண்டையிலிருந்து போய் மற்றொரு தொண்டைக்குத் திரும்பிவிடும். மருந்தின் நோக்கமே வீட்டில் யாரோ ஒருவர் சுமந்துகொண்டிருக்கும் கிருமியை மொத்தமாக வெளியேற்றுவது. தொண்டையில் சோதனை செய்து யாருக்கு இருக்கிறதோ அவருக்கு மட்டும் கொடுத்தாலென்ன என்று கேட்கலாம். முடிவு வர நாளாகும், அதற்குள் காலம் கடந்துவிடும், அதனால் செய்வதில்லை. நோயாளியையும் மறந்துவிடக் கூடாது. செஃப்ட்ரியாக்சோன் ஏற்றியிருந்தால் அதுவே தொண்டையையும் சுத்தம் செய்துவிடும். பென்சில்பெனிசிலின் போன்ற வேறு மருந்தில் குணமானவருக்கு வீடு திரும்பும் முன் இந்த மாத்திரையும் வேண்டும்.

விழுங்கிவிட்டால் நிம்மதி என்று எண்ணினால் அது ஆபத்து. வாய்ப்பு பெருமளவு குறைகிறது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. முற்றிலும் மறைவதில்லை. கிருமி ஏற்கெனவே ரத்தத்தில் இறங்கியிருந்தால் இந்த ஒற்றை வேளை போதாது. ஆகவே மாத்திரை எடுத்தவரும் எடுக்காதவரும் அறிகுறிகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

குழு பள்ளிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பும் கடிதம் வேகமாகப் போகிறது, நோயாளியின் பெயர் இல்லாமல் போகிறது, பள்ளியை மூடவோ மருந்து தெளித்துக் கழுவவோ தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கிருமி உடலுக்கு வெளியே நீடித்து வாழாது என்பதால் அந்தக் கழுவல் வீண் வேலை. இவ்வளவும் நன்று. ஆனால் கடிதம் கிடைத்தவரின் கண் முதலில் போவது கண்ணாடிச் சோதனைக்கு: தடிப்பின்மேல் கண்ணாடித் தம்ளரை அழுத்தினால் நிறம் மறைகிறதா என்று பார்ப்பது. மறையாவிட்டால் உடனே 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இது சரியான சோதனைதான், ஆனால் தாமதமானது. பிரிட்டனில் குழந்தைகள், பதின்பருவத்தினரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், கால் வலி, கை கால் சில்லிடுதல், தோல் நிறம் வெளிறுதல் ஆகியவை சராசரியாக 8 மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டன. தடிப்பு, கழுத்து விறைப்பு, உணர்வு மங்குதல் எல்லாம் 13 முதல் 22 மணி நேரத்தில்தான் வந்தன. சிலருக்குத் தடிப்பே வருவதில்லை. தடிப்புக்காகக் காத்திருப்பவர் பாதி நாளை இழக்கிறார்.

மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் இந்தத் தடிப்பு எளிதில் புலப்படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிர்ந்த இடங்களில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். இணையப் பக்கத்தில் இது இருக்கிறது. ஆனால் பதறிய தாய்க்குத் தொலைபேசியில் சொல்லப்படும் முதல் சில வாக்கியங்களில் இது இருக்க வேண்டும். கறுப்பு, ஆசிய மக்கள் அடர்ந்து வாழும் லண்டனின் நியூஹாம், ஹாரோ போன்ற பகுதிகளிலாவது படங்கள் நம் தோல் நிறத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு குறையைச் சரிசெய்தால் சேவையின் பலன் கணிசமாகக் கூடும்.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவு: காய்ச்சலோடு கை கால் சில்லிட்டிருந்தால், கால் வலியால் நடக்க மறுத்தால், தோல் திட்டுத் திட்டாக வெளிறினால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், கைக்குழந்தை வழக்கத்துக்கு மாறாக வீறிட்டால், உச்சிக்குழி புடைத்திருந்தால், கழுத்து வளையாமலோ வெளிச்சம் பார்க்க முடியாமலோ இருந்தால் காத்திருக்காதீர்கள். முந்தின நாள் மருத்துவர் பார்த்துச் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பியிருந்தாலும் மறுபடி போங்கள். மேலே சொன்ன ஆய்விலேயே, முதல்முறை மருத்துவரிடம் போன பிள்ளைகளில் பாதிப் பேர்தான் நேராக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். போகும்போது, அண்மையில் மெனிஞ்சோகாக்கல் நோயாளியோடு பழகியதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தடுப்பூசி இரண்டாவது அடி. வகை ஏ, சி, டபிள்யூ, ஒய் என்று உறுதியானால், நெருங்கிய தொடர்பாளருக்கு நால்வகைத் தடுப்பூசி தரப்படும், கடந்த ஓராண்டுக்குள் போட்டிருந்தால் தவிர. மாத்திரை இன்றைய கிருமியை வெளியேற்றுகிறது, ஊசி வரும் வாரங்களுக்கான காப்பு. பி வகை என்றால் ஒற்றை நோயாளிக்குப் பிறகு வீட்டாருக்கு வழக்கமாக ஊசி இல்லை. அதே குடும்பத்தில் இரண்டாவது ஆள் நோயுற்றாலோ மண்ணீரல் இல்லாமை போன்ற கூடுதல் ஆபத்து இருந்தாலோதான். இதைக் கேட்டுப் பலர் ஏமாற்றமடைகிறார்கள். பி வகை ஊசி போட்டவரைக் காக்கிறது. இங்கிலாந்தில் 2015 செப்டம்பரில் கைக்குழந்தைகளுக்குத் தொடங்கியபின், ஊசிக்குரிய வயதினரிடம் பி வகை நோய் 75 சதவீதம் குறைந்தது. ஆனால் தொண்டையில் கிருமி குடியேறுவதை அது தடுப்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 35,000 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. நால்வகை ஊசியோ பரவலையும் தடுக்கிறது.

ஒரே பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ நான்கு வாரத்துக்குள் இரண்டாவது நோயாளி வந்தால் கோடு நகரும். இரண்டும் ஒரே வகைதானா, இருவரையும் இணைப்பது வகுப்பா, விடுதியா, விளையாட்டுக் குழுவா என்று பார்த்து, அந்தக் கூட்டம் முழுவதற்கும் மாத்திரையும் ஊசியும் தரப்படும். பி வகை ஊசியும் அப்போது வரும். 2013இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பி வகை பரவியபோது, அந்நாட்டில் அதுவரை உரிமம் பெறாத பெக்செரோ ஊசியையே தனி அனுமதியில் வரவழைத்துப் போட்டார்கள். ஆனால் நோயாளிகளில் 97 சதவீதம் பேர் தனியொருவராக வருபவர்களே. கூட்டமாக வருவது அரிது.

சிப்ரோவை எப்போதும் நம்பலாமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. 2005இல் டெல்லியில் ஏ வகை பரவியபோது சிப்ரோவுக்கு அடங்காத கிருமி பதிவானது. அமெரிக்காவில் அடங்காத ஒய் வகை பெருகியதால், 12 மாதத்தில் ஒரு பகுதியில் அத்தகைய நோயாளிகள் இரண்டோ மேலோ இருந்து, அது அங்குள்ள மொத்த நோயாளிகளில் 20 சதவீதத்தை எட்டினால் வேறு மருந்துக்கு மாறச் சொல்கிறது 2024இன் சி.டி.சி. பரிந்துரை. நோயாளி அண்மையில் இந்தியாவுக்கோ, மக்காவுக்கான உம்ரா புனிதப் பயணத்துக்கோ போய்வந்திருந்தால் அதைக் குழுவிடம் சொல்வது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து தெரியும். 2024இல் உம்ரா சென்று திரும்பியவர்களிடமும் அவர்களோடு பழகியவர்களிடமும் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவில் டபிள்யூ வகை நோய் வந்தது. உம்ராவுக்குச் சவூதி போக நால்வகை ஊசி கட்டாயம். அங்கே இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

கட்டணம் பற்றிப் பலருக்கு அச்சம். தொற்றும் மெனிஞ்சோகாக்கல் நோய், வெளிநாட்டு விருந்தினரிடமும் என்.எச்.எஸ். கட்டணம் வாங்காத நோய்களின் பட்டியலில் இருக்கிறது. விருந்தாளி விசாவில் வந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் செலவை நினைத்து விடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. 25 வயது நிறையாத மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து முதன்முறை பல்கலைக்கழகம் வருபவர்கள் உட்பட, நால்வகை ஊசியை இலவசமாகப் பெறலாம், ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்த அன்றே கேளுங்கள். பி வகை ஊசி இந்த வயதினருக்குத் தனியார் மருந்தகத்தில் காசு கொடுத்துத்தான், குறைந்தது ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை.

இறப்பு நேர்ந்த வீடுகளுக்கு ஒரு விவரம், யாரும் கேட்கத் துணியாததால் எழுத வேண்டியிருக்கிறது. உடலைத் தொடலாம், முத்தமிடலாம், குளிப்பாட்டலாம், பதப்படுத்தி ஊருக்கு அனுப்பலாம். தனிப் பையில் கட்டி மூட வேண்டும் என்ற விதி இந்த நோய்க்கு இல்லை. ஈமச் சடங்கு நிறுவனம் மறுத்தால், குழுவின் மருத்துவரை அவர்களோடு நேரடியாகப் பேசச் சொல்லுங்கள்.